காலண்டர் சாமி, காட்டுச் சாமி

சிவகாசியில் முருகன் படமும் மத்தாப்புப் பெட்டி லேபிளும் காமிக்ஸ் புத்தகமும் ஒரே ஊர் மையில் பிறந்தவை. ஆப்செட் அச்சகங்களில் பிளேட் போட்டே வயதானவன் நான். காலையில் வள்ளி தெய்வானையோடு முருகன் வருவார், மதியம் சங்குசக்கர டப்பாவுக்கு மேல்தாள் வரும், ராத்திரி ஷிப்டில் ஏதாவது கதைப் புத்தகத்தின் அட்டை ஓடும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. எல்லாவற்றுக்கும் அதே நாலு நிறம்தான். சாமிக்கென்று தனி மை கிடையாது.

காலண்டர் சாமிகளுக்கு எங்கள் பக்கத்து முகத்தைக் கொடுத்தவர் கோவில்பட்டி கொண்டையராஜு. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிய கை அவருடையது. அவரும் அவர் சீடர்களும் எழுதிய படங்கள் சிவகாசியில் அச்சாகி, மளிகைக்கடை, சலூன், பூஜையறை என்று தமிழ்நாடு முழுக்கச் சுவர் ஏறின. அந்தச் சாமிகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் புள்ளி புள்ளியாகப் பார்க்கிற வேலை எனக்கு. உடம்பில் ஒரு தழும்பு இருக்காது. வேல் பிடித்த கையில் காய்ப்பு இருக்காது. சூரனை வதைத்துவிட்டு வந்த களைப்பு கண்ணில் இருக்காது. குறை சொல்லவில்லை. வருடம் முழுக்க விடிந்ததும் முழிக்கிற முகம் சிரித்த முகமாக இருக்கட்டும் என்றுதானே காலண்டர் வாங்குகிறார்கள்.

அதே வீட்டுக்காரர்களுக்கு ஒரு குலசாமியும் இருக்கும். ஊருக்கு வெளியே, கண்மாய்க்கரையில், கருவேலங்காட்டுக்குள்ளே. கருப்பசாமியோ மாடசாமியோ முனியசாமியோ. கையில் அரிவாள், முழித்த கண், துருத்திய நாக்கு. கூரை கூட இருக்காது. சிவராத்திரிக்குப் பொங்கல் வைக்கப் போகும்போது பெரியவர்கள் கதை சொல்வார்கள். அநேகமாக அது ஒரு கொலையின் கதையாக இருக்கும். யாரையோ காப்பாற்றப் போனவன், யாரையோ நம்பினவன், வெட்டுப்பட்டுச் செத்தான். செத்தபிறகு ஊரைச் சும்மா விடவில்லை. கல்லை நட்டு, பொங்கல் வைத்து, காவல் பொறுப்பைக் கொடுத்த பிறகுதான் அடங்கினான். அந்தச் சாமிக்குக் கோபம் உண்டு, பசி உண்டு, பழைய கணக்கு உண்டு.

சூப்பர் ஹீரோக்களை வைத்துத் தீவிரமாக எழுதப்பட்ட கிராபிக் நாவல்கள் புதிதாக வருகிறவர்களுக்குப் பிடிபடுமா, பழைய ரசிகர்களுக்குத்தான் ஒத்துக்கொள்ளுமா என்று எங்கள் காமிக்ஸ் வாசகர் கூட்டத்தில் அடிக்கடி சண்டை வரும். என் கட்சி இதுதான்: காலண்டர் சாமியை மட்டும் கும்பிட்டுப் பழகினவனுக்கு அவை கசக்கும். காட்டுச் சாமியையும் கும்பிட்டவனுக்கு முதல் புத்தகத்திலேயே வழி தெரிந்துவிடும். ரசிகனா புதுசா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கூட்டம் என்றேனே, அது எங்கள் ஊருக்கு இயல்பானது. முத்து காமிக்ஸ் 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்துதான் புறப்பட்டது. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. சௌந்திரபாண்டியன் தொடங்கியதை அடுத்து, அவர் மகன் விஜயன் 1984 ஜூலையில் லயன் காமிக்ஸைக் கொண்டுவந்தார். லண்டன் வார இதழ்களில் வந்த கதைகளும் பெல்ஜியம், பிரான்சு, இத்தாலிக் கதைகளும் இந்தப் புழுதிக்குள் வந்து தமிழ் படித்தன. பிள்ளைகளுக்கு அமெரிக்க சூப்பர்மேனைவிட இங்கிலாந்து மாயாவியைத்தான் முதலில் தெரியும். இது தமிழ்நாட்டுக்கு வாய்த்த ஒரு கோணல். அதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்த மாயாவியைச் சரியாகப் பாருங்கள். 1962-ல் ‘வேலியன்ட்’ என்கிற ஆங்கில வார இதழில் பிறந்தவன். படம் போட்டவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்கிற ஸ்பானியர். நிஜப் பெயர் லூயி கிராண்டெல், ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்து உதவியாளன். விபத்தில் வலது கை போய், இரும்புக் கை வைத்துக்கொண்டவன். இன்னொரு விபத்தில் மின்சாரம் உடம்பில் ஏற, ஆள் மறைந்து இரும்புக் கை மட்டும் வெளியே தெரிகிறது. ஆரம்பத்தில் இவன் நல்லவன் கிடையாது. சக்தி தலைக்கேறி, குற்றத்தில் இறங்கியவன். பிறகுதான் திருந்தி உளவுத்துறைக்கு வேலை பார்க்கிறான். எங்களுடைய இன்னொரு செல்லப்பிள்ளையான ஸ்பைடரும் அப்படித்தான்: குற்றவாளிகளுக்கு ராஜாவாக வேண்டும் என்று கிளம்பி, அப்புறம் நீதிக்காவலன் ஆனவன். அவன் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். வழிப்பறி செய்த திருமங்கை மன்னனை ஆழ்வார் வரிசையில் உட்கார வைத்திருக்கிற நமக்கு இதில் அதிர்ச்சி அடைய ஒன்றும் இல்லை. அதனால்தானோ என்னவோ, பத்து வயதில் படித்தபோது அது ஒரு ‘இருண்ட கதை’ என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

எனக்குப் பெரியம்மா மகன் ஒருவர் இருந்தார். பட்டாசு ஆலையில் மருந்து அலசுகிற ரூமில் வேலை. மருந்து என்றால் ஆஸ்பத்திரி மருந்து இல்லை. அலுமினியப் பவுடரும் கந்தகமும் மற்றதும் சேர்ந்த கலவை. ஒருநாள் உராய்வில் பிடித்துக்கொண்டது. உயிர் தப்பியது, வலது கை மணிக்கட்டோடு போயிற்று. தெருப்பையன்கள் அவருக்கு வைத்த பெயர் மாயாவி. கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே இடது கையை ஆட்டுவார். ஒரு விசேஷ வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “அவனுக்காவது கை மட்டும் தெரியும், மத்ததெல்லாம் மறையும். எனக்கு கை மட்டும் மறைஞ்சு போச்சு, மத்த எல்லாத்தையும் எல்லாரும் பாக்குறாங்க.”

சூப்பர் ஹீரோக் கதைகளின் அடித்தளமே ஒரு விபத்துதான். வெடித்தது, கொட்டியது, கடித்தது. அதனால் சக்தி வந்தது. விபத்து ஒரு வரம். விருதுநகர் மாவட்டத்தில் உட்கார்ந்து அதைப் படிக்கிறவனுக்கு இது அத்தனை சுலபமாகத் தொண்டையில் இறங்காது. இங்கே விபத்தென்றால் என்னவென்று தெரியும். சத்தம் கேட்டதும் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடிவந்து, புகை எந்தத் திசை என்று பார்க்கிற பெண்களைக் கேளுங்கள்.

இந்த இடத்தில்தான் என் தங்கச்சி மகள் வருகிறாள். விருதுநகரில் கல்லூரி. காமிக்ஸ் வாசனையே கிடையாது. மதுரைப் புத்தகத் திருவிழாவில் வாங்கிய ஆலன் மூரின் ‘வாட்ச்மென்’ என் மேஜையில் கிடந்தது. 1986-87-ல் பன்னிரண்டு பாகங்களாக வந்தது, படம் டேவ் கிப்பன்ஸ். எங்கள் கூட்டத்து நண்பர் ஒருவர் அருப்புக்கோட்டைக்காரர், ஜவுளி வியாபாரம், பீரோ நிறையப் பழைய முத்து காமிக்ஸ் வைத்திருப்பவர். “அண்ணாச்சி, புதுசா படிக்கிற பிள்ளைக்கு இதையா குடுக்கிறது? மாயாவியில இருந்து வரட்டும். இது அழுகாச்சிக் காவியம்” என்றார். புதியவர்களுக்கு வாட்ச்மென் ஆகாது என்பதற்கு உலகம் முழுக்கச் சொல்கிற காரணமும் அதுதான்: முன்னே வந்த ஹீரோக்களைத் தெரிந்தால்தானே அவர்களை உடைப்பது புரியும்.

கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் மூர் அந்தப் புத்தகத்தில் பழைய ஹீரோ ஒருவரையும் வைக்கவில்லை. சார்ல்டன் என்கிற கம்பெனியின் பாத்திரங்களை வைத்துத்தான் முதலில் திட்டம் போட்டார். பதிப்பகம் வேண்டாமென்றதால் எல்லோரையும் புதிதாகப் படைத்தார். அதனால் முன்கதை தெரிய வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ‘கிங்டம் கம்’ (1996) மாதிரிப் புத்தகம் வேறு ரகம். ஒரு பாதிரியாரின் கண் வழியாகக் கடைசித் தீர்ப்பு நாளைப் போல ஹீரோக்களின் போர் நடக்கும், அலெக்ஸ் ராஸின் ஓவியம் கோயில் சுவரைப் போல இருக்கும், ஆனால் கூட்டத்தில் நிற்கிற முகம் ஒவ்வொன்றும் யாரென்று தெரியாவிட்டால் பாதி வீண். அது உறவுமுறை தெரிந்தவனுக்கு மட்டும் புரிகிற கல்யாண வீடு.

மருமகள் வாட்ச்மெனை வேகமாகத்தான் படித்தாள். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். வியட்நாம் பகுதி. கமெடியன் என்கிறவன், தன்னால் கர்ப்பமான ஒரு பெண்ணை மதுக்கடையில் வைத்துச் சுடுகிறான். பக்கத்தில் டாக்டர் மன்ஹாட்டன் நிற்கிறான். இவனும் விபத்தில் சிதறிப்போய்த் தன்னைத் தானே கூட்டிச் சேர்த்துக்கொண்டு எழுந்தவன். நீல உடம்பு. நினைத்தால் அணுவைக் கலைப்பான், காலம் முழுவதும் அவனுக்கு ஒரே நேரத்தில் தெரியும். சுட்டவன் திரும்பி அவனையே கேட்கிறான்: துப்பாக்கியை ஆவியாக்கியிருக்கலாம், குண்டை வேறு எதுவாகவும் மாற்றியிருக்கலாம், நீ நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்?

“மாமா, இவன் சாமிதான? அப்புறம் எதுக்கு சும்மா நிக்கிறான்?” என்றாள்.

இதற்கு அவளுக்கு எந்த காமிக்ஸ் வரலாறும் தேவைப்படவில்லை. அந்தக் கேள்வியை அவள் பாட்டி, அதாவது என் அம்மா, பத்ரகாளியம்மன் சன்னிதியிலேயே நின்று கேட்டிருக்கிறாள். பெரியம்மா மகனுக்குக் கை போன வாரம் அது. கற்பூரத் தட்டு வருகிறது, எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்று சத்தமாகவே கேட்டாள்: “கண்ணு முழிச்சுத்தான இருந்த?” பூசாரி கோபப்படவில்லை. இங்கே அது வழக்கம். சாமியைத் திட்டலாம், பட்டினி போடுவேன் என்று மிரட்டலாம், மண்ணை வாரித் தூற்றலாம். பார்வை போனதற்காகச் சிவனையே குத்திப் பாடிய சுந்தரரை நாயன்மாராக்கி வைத்திருக்கிற மதம் இது. சைவ சித்தாந்தம் படித்த பெரியவர் ஒருவர் அம்மாவிடம், இறைவனுடைய ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று, அதுவும் அருள்தான் என்று விளக்கினார். அம்மா கேட்டுக்கொண்டாள், ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாளும் கோயிலுக்குப் போனாள்.

மன்ஹாட்டனைச் சகிக்க முடியாமல் போவது அவன் பலத்தால் அல்ல. அவனோடு சண்டை போட முடியாது என்பதால். நடந்தது, நடக்கிறது, நடக்கப்போவது எல்லாம் அவனுக்கு முன்பே தெரியும். தானும் அதில் ஆட்டுவிக்கப்படுகிறவன்தான் என்கிறான். திட்டினால் உறைக்காது. வேண்டினால் நகரமாட்டான். வேதாந்திகள் சொல்கிற குணமற்ற பிரம்மத்துக்கு உடம்பு கொடுத்து, அமெரிக்க ராணுவத்தில் வேலைக்குச் சேர்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. எல்லாம் வல்லவன் என்பதும் எல்லாம் அறிந்தவன் என்பதும் ஊருக்குப் போதாது. கணக்குக் கேட்டால் முகம் கொடுக்க வேண்டும். முகம் கொடுக்காத சாமிக்கு எங்கள் பக்கத்தில் இரண்டாம் வருடம் பொங்கல் வைக்கமாட்டார்கள்.

புத்தகத்தின் முடிவைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வெளிவந்து நாற்பது வருடத்தை ஒட்டிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஓசிமாண்டியாஸ் என்கிற ஹீரோ, உலகிலேயே பெரிய புத்திசாலி, அணுயுத்தம் வராமல் தடுக்க ஒரு பொய்யான வேற்றுக்கிரகத் தாக்குதலை நடத்தி நியூயார்க்கில் பாதிப் பேரைக் கொன்றுவிடுகிறான். பயத்தில் வல்லரசுகள் கைகோர்க்கின்றன. கோடிக்கணக்கானவர் பிழைக்க இது அவசியம் என்பது அவன் கணக்கு. பாரதத்தில் விதுரன் சொல்லும் நீதியிலும் இந்தக் கணக்கு உண்டு: குடும்பத்துக்காக ஒருவனை விடலாம், ஊருக்காக ஒரு குடும்பத்தை விடலாம். மேல்நாட்டில் இதைத் தத்துவ வகுப்பில் நடத்துகிறார்கள். இங்கே டீக்கடையில் நடத்துகிறோம்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்து. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். வேலையாட்கள் மட்டுமல்ல, புகையைப் பார்த்து உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிப்போன ஊர்க்காரர்களும் அடுத்த வெடிப்பில் மாட்டிக்கொண்டார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளம். நடுவிலும் பிறகும் பெயர் நிற்காத எத்தனையோ. ஒவ்வொன்றுக்கும் பிறகு டீக்கடையில் ஒரு குரல் கேட்கும்: பாவம்தான், ஆனா இந்தத் தொழில் இல்லேன்னா இந்தக் கந்தக பூமியில என்ன இருக்கு, மழையா இருக்கு? லட்சக்கணக்கான பேர் சோறு திங்கிறாங்கள்ல? அந்தக் குரல் கெட்டவனுடையது இல்லை. அவன் தங்கச்சியும் திரி வெட்டத்தான் போயிருப்பாள். நாடு தீபாவளிக்கு வெடிக்கிறதில் பெரும்பங்கு இந்த வட்டாரத்தில் உருட்டியது; அந்தச் சோற்றில் நானும் உண்டவன்தான், வெடிப் பெட்டிக்கு லட்சுமி படம் பிளேட் போட்டிருக்கிறேன். ஆகவே ஓசிமாண்டியாஸ் பேசுகிற பக்கங்கள் எங்களுக்கு அன்னியமாக இல்லை. அவன் வில்லன் மாதிரியே பேசவில்லை என்று வெளியூர் விமர்சகர்கள் வியக்கிறார்கள். நாங்கள் வியக்கவில்லை. அந்தக் குரல் எத்தனை சாதாரணமானது என்று தெரியும்.

அருப்புக்கோட்டை நண்பர் இதையெல்லாம் ஒத்துக்கொள்வதில்லை. “நாள் பூரா கடையில கவலை. கதையிலயுமா?” என்பார். மாயாவி மறுபதிப்பு எப்போது வரும் என்பதுதான் அவருடைய நிரந்தரக் கேள்வி. லயன் வழியாக கிராபிக் நாவல்கள் தனி வரிசையாகவே வரத் தொடங்கியபோது அவர் சந்தாவை நிறுத்தப்போவதாக மிரட்டினார், நிறுத்தவில்லை. அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ரசிகன் என்பவன் கிட்டத்தட்டப் பக்தன்தான். சின்ன வயதில், வீட்டில் கஷ்டம் இருந்த காலத்தில், ஒரு முகம் அவனுக்குத் துணை நின்றிருக்கிறது. அந்த முகத்தில் சேறு பூசினால் வலிக்காதா?

ஆனால் இதே நண்பர் ஃபிராங்க் மில்லரின் ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ படித்துவிட்டு வாயடைத்துப் போனார். 1986-ல் வந்தது. ஐம்பத்தைந்து வயது பேட்மேன், பத்து வருடம் ஒதுங்கி இருந்துவிட்டுத் திரும்புகிறான். முட்டி வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது, ஊர் அவனை வேண்டாமென்கிறது. நண்பருக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான். கடையில் கீழ்த்தட்டில் இருக்கிற துணியை எடுக்க இப்போது பையனைக் கூப்பிடுகிறார். “இது அழுகாச்சி இல்ல அண்ணாச்சி, இது நம்ம” என்றார். ஆக, ரசிகனுக்குச் சேறு பிடிக்காதென்பதும் முழு உண்மை இல்லை. தன்னோடு சேர்ந்து வயதான தெய்வத்தை அவன் ஏற்றுக்கொள்கிறான். மதுரை வீரன் கதையை நினைத்துப் பாருங்கள். ஊருக்குக் காவல் நின்றவனை அந்த ஊர் ராஜாவே மாறுகால் மாறுகை வாங்கினான். இன்றைக்கும் மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசலில் காவல் நிற்கிறான். 1956-ல் எம்.ஜி.ஆர். அந்த வேடத்தில் கைகால் வெட்டுப்பட்டுச் செத்தார். ஜனங்கள் படத்தை ஓட ஓட ஓட்டினார்கள். சாகாத எம்.ஜி.ஆர்.தான் வேண்டும் என்று அடம்பிடித்தவர்கள் என்று நாம் நினைக்கிற அதே ஜனங்கள்.

சூப்பர் ஹீரோ இல்லையென்றாலும் ‘இரத்தப் படலம்’ பற்றி ஒரு வார்த்தை. நினைவு அழிந்து கரையொதுங்கிய ஒருவன். உடம்பில் XIII என்று பச்சை. தான் செய்ததாகச் சொல்லப்படுகிற, தனக்கே தெரியாத ஒரு கொலைக்காகத் துரத்தப்படுகிறான். பதினெட்டுப் பாகங்களும் ஒரே தடிப் புத்தகமாக 2010-ல் சிவகாசியிலிருந்து வந்தபோது மனிதர்கள் குழந்தையைத் தூக்குவது மாதிரி அதைத் தூக்கிப் போனார்கள். ஞாபகத்தில் இல்லாத வினைக்கு இப்போது அடி வாங்குவது நியாயமா? முற்பிறவி வினை என்று ஒன்றை நம்புகிற ஊரில் இதைவிட வீட்டுக்குள்ளே வருகிற கேள்வி வேறென்ன? அதைப் பெல்ஜியத்துக்காரர்கள் துப்பாக்கிச் சத்தத்தோடு கேட்டார்கள், நாம் கீழே வைக்காமல் படித்தோம்.

வாட்ச்மெனின் கடைசியில் எல்லா ஹீரோக்களும் உண்மையை மூடிவைக்கச் சம்மதிக்கிறார்கள். சொன்னால் சமாதானம் குலைந்துவிடும். ரோர்ஷாக் ஒருவன்தான் மாட்டேன் என்கிறான். முரடன், அழுக்கன், அவன் அரசியலும் எனக்கு ஒவ்வாது. அவனை மன்ஹாட்டன் கொல்கிறான். அந்தப் பெண்ணுக்காகத் துப்பாக்கியைத் தடுக்காத கை, இதற்கு அசைகிறது.

இதை வைத்து என் வீட்டுத் திண்ணையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய வாக்குவாதம். நண்பர், தானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்றார். செத்தவர்கள் திரும்பப் போவதில்லை, இருக்கிறவர்கள் பிழைக்கட்டும். மருமகள் விடவில்லை. “செத்தவங்க எதுக்கு செத்தாங்கன்னு அவங்க வீட்டுக்குத் தெரிய வேண்டாமா மாமா? பேப்பர்ல எப்பவும் உராய்வுன்னு போட்டு முடிச்சிருவாங்களே, அந்த மாதிரியா?” என்றாள். நண்பர் பேச்சை மாற்றுவதற்காக, கையோடு கொண்டுவந்திருந்த மாயாவி மறுபதிப்பு ஒன்றை அவளிடம் கொடுத்து, “முதல்ல இதைப் படி தாயி, மனசு லேசாகும்” என்றார்.

அங்கேயே உட்கார்ந்து படித்தாள். நன்றாகத்தான் ரசித்தாள், பிளக்கில் விரலை விட்டு மறைகிற இடத்தில் சிரிக்கவும் செய்தாள். முடித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்: “ஆய்வுக்கூடத்துல வேலை பாக்கும்போதுதான கை போச்சு? நஷ்டஈடு குடுத்தாங்களா?”

“அதெல்லாம் கதையில வராது தாயி.”

“வரணும்ல?”

நண்பர் பதில் சொல்லவில்லை. ஆனால் பழைய இதழ்களில் எங்காவது அந்தப் பேராசிரியர் அப்படி ஏதாவது சொல்கிறாரா என்று பீரோவைக் குடைந்துகொண்டிருப்பதாக நேற்று போனில் சொன்னார்.